கடைசிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து மார்க் போடுவோம்

சம்பளப் பேச்சு என்றால் நாம் எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிறோம். நிறுவையில் அரைக் கிலோ குறைந்தால் அந்த இடத்திலேயே கேள்வி எழுப்புகிறோம். அரைப் பேர் போட்டால் தலைவரைத் தேடிப் போகிறோம். ஆனால் நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் எத்தனை மாதமாக இல்லை என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரியாது.

கேட்க வேண்டிய இடம் வலயக் கல்விக் காரியாலயம். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலயக் கல்விப் பணிப்பாளர் இருக்கிறார். ஹட்டன் வலயத்தை எடுத்துக்கொள்வோம். நகரத்துப் பாடசாலைகளும், நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளும் அந்த ஒரே வலயத்தில்தான் இருக்கின்றன.

நகரப் பாடசாலைகளில் இன்று இடம் போதவில்லை. ஐந்தாம் தரம் முடிந்ததும், வசதி உள்ள பெற்றோர் பிள்ளையை டவுனுக்கு அனுப்புகிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க வேண்டுமானால் டவுனுக்குப் போகத்தான் வேண்டும். இதில் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. நகரப் பாடசாலை வளர வளர ஆசிரியரும் கட்டடமும் அங்கேயே போகின்றன. தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். பிள்ளைகள் குறைந்தார்கள் என்று சொல்லி ஆசிரியரையும் குறைக்கிறார்கள். ஆசிரியர் இல்லை என்று மிச்சப் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். பஸ் காசு கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை மட்டும் அங்கேயே இருக்கிறது.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. நமது தோட்டப் பள்ளிகளோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1977இல் தொடங்கித்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. முப்பது வருடத்துக்கு மேல் பிந்தி ஓட ஆரம்பித்த பிள்ளையையும் முன்னால் ஓடியவரையும் ஒரே கணக்கில் வைத்து, “உங்களுக்குப் பிள்ளைகள் குறைவு, அதனால் ஆசிரியரும் குறைவு” என்று சொல்வது நியாயம் ஆகாது.

ஒரு வலயத்தை நடத்துபவருக்கு எல்லா அதிகாரமும் இல்லை என்பதை நாம் அறிவோம். தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் உள்ளன. புதிய நியமனங்கள் மாகாணத்திலும் கொழும்பிலும் முடிவாகின்றன. ஆனாலும் உள்ள ஆசிரியரை வலயத்துக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதில் பணிப்பாளரின் கை பெரியது. தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்ற ஆசிரியர் ‘தற்காலிக இணைப்பு’ என்ற பேரில் டவுனில் படிப்பிக்கும் கதை நமக்குப் புதிதல்ல. இடாப்பில் பெயர் இங்கே, வேலை அங்கே. தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்கத்தான் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

ஆகவே, நல்ல பணிப்பாளர் யார் என்று பார்க்க நகரப் பாடசாலையின் உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. பஸ் ஏறாத மலையின் உச்சியில் இருக்கும் கடைசிப் பள்ளியைப் பார்த்துத்தான் நாம் மார்க் போட வேண்டும். அங்கே கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் உண்டா? அதிகாரிகள் கடைசியாக எப்போது வந்து போனார்கள்? ‘சிசு செரிய’ பஸ் நம் தோட்டச் சந்திவரை வருமா?

இன்னொன்றையும் கேட்போம். பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள். மலையில் கொழுந்து எடுக்கும் தாய் அதற்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். வராவிட்டால் “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று எழுதிக்கொள்கிறார்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ கூட்டம் வைக்க எந்த அமைச்சின் அனுமதியும் தேவைப்படாது.

கேட்பதற்கு நமக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோர் அதில் அங்கத்தவர்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தலைவிமாரும் இந்தத் தவணை முடிவதற்குள் தங்கள் பாடசாலை அதிபரைச் சந்தித்து மூன்று விபரம் எழுதிக்கொள்ள வேண்டும்: இடாப்பில் எத்தனை ஆசிரியர், வகுப்பில் எத்தனை ஆசிரியர், எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை. அதிபரைக் குற்றவாளியாக்க வேண்டாம். பல இடங்களில் நம்மோடு சேர்ந்து தவிப்பவர் அவர்தான். எழுதிய தாளை மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். எல்லாத் தோட்டத்தின் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து, கையொப்பத்தோடு பணிப்பாளரின் மேசையில் வைப்போம். பதிலையும் எழுத்தில் கேட்போம்.