அறுபது ரூபாய்க்கு ரசீது உண்டா?

போன மாதம் ஒரு விசேஷத்துக்காக மூலனூர் போயிருந்தேன். பெரியம்மா வீடு. வாசலில் 'டங்'கென்று ஒரு சத்தம். சிலிண்டர்!

பில்லை வாங்கிப் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வியாதி. அதில் இருந்த தொகையை எண்ணிக் கொடுத்தேன். டெலிவரிக்கு வந்த தம்பி நகரவில்லை.

"மேல அறுவது ரூவாங்க."

"எதுக்குப்பா? பில்லுல இல்லியே?"

"எல்லாரும் குடுக்கறதுதானுங்க."

நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டார். "உடு சாமி... அவனும் பொழைக்கோணுமல்ல?"

கோபம் வந்தது எனக்கு. தம்பி மேல் இல்லை. அவர் பிழைப்பதற்கான பணத்தை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், அதுதான் கோபம்.

சிலிண்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலைக்குள்ளேயே ஏஜென்சியின் கமிஷன் இருக்கிறது. அந்தக் கமிஷனுக்குள் வீடு வரை கொண்டுவந்து தருவதற்கான டெலிவரி கட்டணமும் இருக்கிறது. நீங்களே குடோனுக்குப் போய்த் தூக்கி வந்தால் அதற்காக விலையில் கழிவு உண்டு. நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

தம்பியிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தேன். "பெருசா ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல வாங்கிக்கோன்னு சொல்லிருவாங்க" என்றார். விஷயம் புரிகிறதா? டெலிவரிக்கான காசை வாங்குகிறவர் ஒருவர். முதுகு வலிக்கத் தூக்கி வருகிறவர் இன்னொருவர். நடுவில் விழுகிற பள்ளத்தை உங்கள் பர்ஸ் நிரப்புகிறது. அதற்கு 'டிப்ஸ்' என்று செல்லப் பெயர்!

"60 ரூபாயெல்லாம் ஒரு காசா சார்?" என்பீர்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்களே, அந்த முதியோர் உதவித்தொகைதான் அவருக்கு வருமானம். சிலிண்டர் வருகிற மாதம் அதில் இருபதில் ஒரு பங்கு காலி. கொடுக்காவிட்டால் அடுத்த தடவை தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்களோ என்று பாட்டிக்குப் பயம். மனசு நிறைந்து கொடுத்தால் இனாம். பயந்து கொடுத்தால்? அதற்கு வேறு பெயர்.

விடியற்காலையில் இதே ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். டிபன் கேரியரும் கையுமாக எத்தனை பேர் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறார்கள்! ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா, கைமடிக்கிற பொண்ணு, செக்கிங் அம்மா... நீங்கள் போட்டிருக்கும் பனியன் அவர்கள் கை பட்டு வந்ததுதான். யாருக்காவது என்றைக்காவது டிப்ஸ் வைத்தீர்களா? அவர்களும் கேட்பதில்லை. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சில வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, சண்டை போட்டு, சம்பள ஒப்பந்தம் போடுகின்றன. கூலி போதுமா, எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது தனிச் சண்டை. ஆனால், அந்தச் சண்டை சரியான ஆளோடு நடக்கிறது. முதலாளியோடு! சட்டை வாங்க வந்தவரோடு அல்ல.

இந்த வித்தை சிலிண்டரோடு நிற்கவில்லை. பெரிய ரெஸ்டாரென்ட்களில் பில்லோடு 'சர்வீஸ் சார்ஜ்' என்று சேர்த்து வாங்கினார்கள். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. உணவக சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்து, வழக்கு போட்ட சங்கங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. அதே வருஷம் மே மாதம் இன்னொரு கூத்து. வண்டி வருவதற்கு முன்பே 'அட்வான்ஸ் டிப்' கேட்டதற்காக ஊபருக்கு அதே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வராத வண்டிக்கு இனாம்! சேவைக்கு நன்றி என்று சொன்னீர்களே, எந்த சேவைக்கு?

இதை வளரவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து இதே தொகை! மற்ற ஊழியர்களுக்கு 7.25. மிச்சத்தை மேஜையில் சாப்பிடுகிறவர் தர வேண்டும். நாம் தாராளமாக இருக்க இருக்க, முதலாளி சிக்கனமாகிறார்.

ஓட்டலில் அன்பாகப் பரிமாறியவர் கையில் சந்தோஷமாகப் பத்தோ இருபதோ வையுங்கள். அதைத் தடுக்க நான் யார்? 'மேல இவ்வளவு' என்று ரேட் சொல்லிக் கேட்கும்போது மட்டும் ரசீது கேளுங்கள். தம்பியைத் திட்டாதீர்கள். அவரைப் பற்றிப் புகார் கொடுத்தால் அவர் வேலைதான் போகும்; நாளைக்கு இன்னொரு தம்பி அதே அறுபதைக் கேட்பார். ஏஜென்சிக்கு எழுதுங்கள்: "டெலிவரிக்கு எங்களிடம் வாங்கிவிட்டீர்கள். தூக்கி வருகிறவருக்கு எவ்வளவு தருகிறீர்கள்?" ஒருவர் கேட்டால் குப்பைக் கூடை. தெருவே கேட்டால் பதில் வரும்.

கிளம்பும்போது பெரியம்மாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாம குடுக்கலீன்னா, அந்தப் பையனுக்கு யாரு சாமி குடுப்பா?"

அதைத்தான் பெரியம்மா நானும் கேட்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் எல்லோரும் கேட்போம்!