'கோட்டா மேயர்' என்று சொல்பவர்களிடம் சில கேள்விகள்

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மொத்தம் 70 வார்டுகள். மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று 2022 ஜனவரியில் அரசாணை வந்தது. மார்ச்சில் 25 வயது வசந்தகுமாரி அந்த நாற்காலியில் அமர்ந்தார். அதே நாளில் சென்னையில் ஆர். பிரியா அமர்ந்தார். சென்னைக்கு அவர்தான் முதல் தலித் பெண் மேயர்.

அன்று முதல் தென்சென்னைப் புறநகரில் புழங்கும் ஒரு சொல் 'கோட்டா மேயர்'. சேலையூர் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், ஆங்கிலம் பேசும் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். பேச்சு தொடங்குவது நியாயமான இடத்தில்தான்: குப்பை அள்ளவில்லை, வடிகால் பாதியில் நிற்கிறது, ஏரியில் கழிவுநீர் கலக்கிறது. முடிவது மட்டும் எப்போதும் ஒரே இடத்தில்: "ரிசர்வேஷன்ல வந்தவங்க, வேற எப்படி இருக்கும்?"

சரி, இடஒதுக்கீட்டில் வராதவர்கள் எப்படி வந்தார்கள்? மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை 2019 நவம்பரில் அ.தி.மு.க. அரசு ஓர் அவசரச் சட்டத்தால் மாற்றியது. தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் நடந்த 2022 தேர்தலும் அதே மறைமுக முறையில்தான் நடந்தது. கட்சித் தலைமை ஒரு பெயரை அறிவிக்கும், கவுன்சிலர்கள் கை தூக்குவார்கள். 21 மாநகராட்சிகளுக்கும் இதுதான் நடைமுறை. அவற்றில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்றுதான். மீதிப் பதினெட்டு மேயர்களும் அதே தலைமை கைகாட்டித்தான் வந்தார்கள். அவர்களை யாராவது 'நியமன மேயர்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். கட்சிக் கவுன்சிலர்களோடு மோதல் என்று பேசினோம், உட்கட்சிப் பூசல் என்று எழுதினோம். அவர்களுடைய சாதிக்கு நிர்வாகம் வராது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அந்த நாகரிகம் தாம்பரத்துக்கு வரும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது என்பதுதான் கேள்வி.

மேயரின் அதிகாரம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது மேயர். கோப்பில் கையெழுத்திட்டு நிர்வாகத்தை நடத்துவது அரசு அனுப்பும் ஆணையர். பெரிய ஏரியும் ஆறும் நீர்வளத்துறையிடம், பெரிய சாலை நெடுஞ்சாலைத்துறையிடம், பெரிய கட்டடத்துக்கு அனுமதி சி.எம்.டி.ஏ.விடம். ஒரு பொறியாளரை இடமாற்றம் செய்யக்கூடக் கோட்டையைத்தான் பார்க்க வேண்டும். எல்லா மேயரும் இப்படித்தான் கட்டிப்போடப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டு ஒரு தலித் பெண்ணின் மேல் விழும்போது மட்டும், கயிறு கண்ணுக்குத் தெரியாமல் போய் அவருடைய 'இயலாமை' மட்டும் தெரிகிறது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலுக்குப் பிறகு, காசிமேட்டில் முதல்வரின் கான்வாய் வண்டியில் மேயர் பிரியா தொங்கிக்கொண்டு போன காணொளி பரவியது. சுறுசுறுப்பு என்றது ஒரு தரப்பு, அவமானம் என்றது இன்னொரு தரப்பு. அதே வண்டியில் மாநகராட்சி ஆணையரும் தொங்கிக்கொண்டுதான் போனார். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஐ.ஏ.எஸ். அதிகாரி தொங்கினால் அது வேலை. தலித் மேயர் தொங்கினால் அது அவருடைய இடம் எது என்பதற்குச் சாட்சி.

இது நம்மூர் நோய் மட்டுமல்ல. 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக ஹெரால்டு வாஷிங்டன் வென்றார். 50 பேர் கொண்ட மன்றத்தில் 29 பேர் அணி சேர்ந்து அவருடைய நியமனங்களையும் திட்டங்களையும் ஆண்டுக்கணக்கில் முடக்கினார்கள். 1986இல் நீதிமன்ற உத்தரவால் சில வார்டுகளை மறுவரையறை செய்து தேர்தல் நடத்திய பிறகுதான் அந்த முட்டுக்கட்டை உடைந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. வாஷிங்டனுக்கு மக்கள் நேரடியாகப் போட்ட வாக்கு இருந்தது, கறுப்பின மக்களின் அணிதிரட்டல் பின்னால் நின்றது. அதனால் அவரால் எதிர்த்து நிற்க முடிந்தது. நம் மேயர்களுக்கு அந்த வாக்கும் கிடையாது. எதிர்த்தால், கைகாட்டிய அதே தலைமை மறுநாளே கையை வேறு பக்கம் திருப்பிவிடும்.

இந்த முடிச்சை அன்றே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இதே செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு நின்று கேட்டது எங்களுக்கு நாற்காலி கொடுங்கள் என்பதை அல்ல, எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை. 1932 பூனா ஒப்பந்தம் நாற்காலிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது, தேர்ந்தெடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. தனித்தொகுதி எம்.எல்.ஏ. முதல் ஒதுக்கீட்டு மேயர் வரை, தலித் பிரதிநிதி பிறர் தயவில் நிற்கும்படி அமைப்பே செய்யப்பட்டிருக்கிறது. அப்புறம் அந்தத் தயவைக் காட்டியே, "பாருங்கள், சொந்தமாக முடிவெடுக்கத் தெரியவில்லை" என்கிறார்கள்.

கிராமத்தில் இதற்குச் சுற்றுவழி தேவைப்படுவதில்லை. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 2020 சுதந்திர தினத்தன்று ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. அதே ஆண்டு தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளிவந்தது. புறநகரில் நாற்காலி உண்டு, சிவப்பு அங்கி உண்டு, செங்கோல்கூட உண்டு. இங்கே தரைக்குப் பதில் 'கோட்டா' என்ற சொல்.

மேயரை விமர்சிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தலித் என்பதற்காக ஒருவரைப் பொத்திப் பாதுகாப்பதும் அவரைத் தலைவராக மதிக்காததுதான். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை ஏழைகளின் வீடுகளை அரசு இயந்திரங்கள் இடித்தபோது, அந்த மக்கள் பக்கம் நின்று மாநகராட்சித் தலைமை என்ன செய்தது என்று நாம் கேட்டே ஆக வேண்டும். இடித்தது மாநில அரசு, மேயர் நினைத்தாலும் தடுத்திருக்க முடியாது என்ற பதில் வரலாம். அந்தப் பதிலையும் மன்றத்தில் எழுந்து உரக்கச் சொல்லட்டும். அதிகாரம் இல்லாதவருக்கும் குரல் இருக்கிறது. நம் கேள்வி அவர் எடுத்த நிலைப்பாட்டைப் பற்றியது. டீக்கடைக் கேள்வி அவர் பிறப்பைப் பற்றியது.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். வாசலில் டோக்கனுக்கு நிற்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பழைய காலத்து வைத்தியர் என்பார்கள். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர் என்று சொல்பவர் அபூர்வம். மூலிகை வரைக்கும் ஏற்றுக்கொண்டார்கள், அரசியலை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் ந. சிவராஜும் சென்னை மேயர்களாக இருந்தார்கள். மேயர் பதவிக்கு அப்போது ஒதுக்கீடு கிடையாது. 'ஒதுக்கீடு இல்லாவிட்டால் இவர்கள் எங்கே' என்று கேட்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் பாடப்புத்தகத்தில் தேடிப் பார்க்கலாம்.

சுழற்சி முறையில் என்றாவது ஒருநாள் தாம்பரம் மேயர் பதவி பொதுவாகும். அந்தப் 'பொது'வில் தலித் வேட்பாளர் ஒருவரை நிறுத்துமா சமூகநீதி பேசும் கட்சிகள்? முடியாத காரியமில்லை. 2001 இடைத்தேர்தலில் திருச்சி பொதுத்தொகுதியில் தலித் எழில்மலையை நிறுத்தி அ.தி.மு.க. வென்றது. மேயர் தேர்தல் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பகுதி வார்டுகளின் பட்டியலை எடுங்கள். ஒதுக்கப்படாத வார்டுகளில் எந்தக் கட்சி எத்தனை தலித்துகளை நிறுத்தியது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் அடுத்து வாக்கு கேட்டு வருகிறவரிடம் காட்டுங்கள்.