நீளக்கைச் சட்டை

உம்மாமாரே, வாப்பாமாரே, இது ஏச்சுத்தான். கோபிக்காமல் கேளுங்கள்.

பிள்ளையின் முழங்கையில் வெள்ளையாக ஒரு புள்ளி கண்டதும் நமக்கு முதலில் எது ஞாபகம் வருகிறது? கலியாணம். ஏழு வயதுப் பிள்ளைக்கு! வீடு கட்டிக் கொடுத்தாலும் மாப்பிள்ளை அமையாதே என்று அன்றிரவே அழுகை. மீனையும் பாலையும் சேர்த்துக் கொடுத்ததால் வந்தது என்று மூத்தம்மா தீர்ப்புச் சொல்வா. கல்முனையில் மீனை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பதாம்? அடுத்தது கார்போக அரிசி எண்ணெய். பூசி வெயிலில் நிறுத்தி, கொப்புளத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த நிற அணுக்களையே தாக்குவதால் வருகிற புள்ளி அது. தொற்றாது. குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'வெண்குஷ்டம்' என்ற பெயரைத் தமிழ்நாட்டு அரசே 2010இல் 'வெண்புள்ளி' என்று மாற்றியது. நம் வாய் இன்னும் மாறவில்லை.

மேல்தோலும் நரம்பும் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன. அதற்காக, புள்ளி வந்த பிள்ளைக்குப் புத்தி பேதலிக்கும் என்று கதை கட்டாதீர்கள். ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஊரின் பார்வையும் வீட்டின் ஒளிப்பும் செய்கிற வேலை அது. தோல் டொக்டரிடம் களிம்பு கேட்கிறோம். பிள்ளை ஏன் தூங்குவதில்லை என்று கேட்கிறோமா? மனநலப் பிரிவு என்றாலே "அங்கொடைக்கா அனுப்பப் பார்க்கிறீங்க?" என்று சீறுகிறோம். அதே அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம்; ஒருவருக்கும் தெரியவராது.

உவைஸுல் கர்னீ (றஹ்) பற்றிப் பயானில் கேட்டுக் கண் கலங்குகிறோமே, அவருக்கு இருந்ததும் தோல் வெளுக்கும் 'பரஸ்'தான். குணமாகியும் ஒரு திர்ஹம் அளவு மிஞ்சியிருந்தது என்று ஸஹீஹ் முஸ்லிம் சொல்கிறது. அவரைக் கண்டால் உமக்காகப் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்லும் என்று உமர் (றழி) அவர்களுக்கே நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். தாயைப் பேணிய அந்த மனிதரின் வெள்ளைப் புள்ளி ஹதீஸில் ஓர் அடையாளம். அதையே நம் வீட்டில் அலுமாரிக்குள் பூட்டுகிறோம்.

ஏசுகிற நானும் சுத்தமில்லை. மகனுக்கு மூன்று நீளக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கடற்கரையில் பந்தடிக்கப் போவதை அவன் நிறுத்தி இரண்டு வருடமாகிறது. இப்போது கழற்றச் சொன்னாலும் கழற்றுகிறானில்லை, கரண்ட் போன இரவிலும்.