அறிவோம், தெளிவோம்: நூமைட் என்னும் கருங்கல்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். நூமைட் என்னும் கல்லை மோதிரத்தில் பதித்து அணிந்தால் சனி தோஷம் அகலும் என்று ஒருவர் விலை பேசுகிறாராம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவிடலாமா என வினவுகிறார். யாம் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

நூமைட் கிரீன்லாந்தில் நூக் நகரை ஒட்டிய பகுதியில் கிடைப்பது. பெயரும் அவ்வூரை ஒட்டியதே. 1806 முதல் 1813 வரை அந்நாட்டின் கனிமங்களை ஆராய்ந்த கீசெக்கே என்பார் இதனை முதலில் கண்டறிந்தார். அவர் முன்னர் வியன்னாவில் நாடக நடிகராக விளங்கியவர்.

பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை இது. இதன் வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஆந்தோபிலைட், ஜெட்ரைட் என்னும் இரு கனிமங்களே இதன் முக்கியக் கூறுகள். கடும் வெப்பத்தில் ஒன்றாயிருந்த கனிமம், மெல்ல ஆறியபோது இவ்விரண்டின் மிக மெல்லிய தகடுகளாகப் பிரிந்தது. அத்தகடுகளில் பட்டு மீளும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் பொன், செம்பு, நீலம், பச்சை ஆகிய நிறங்கள் கரிய கல்லினுள் மின்னுகின்றன. கல்லைச் சற்றே திருப்பினால் ஒரு கீற்று மறைந்து மற்றொன்று தோன்றும்.

செப்புத் துகள் மின்னும் கண்ணாடியையும் மணிக்கல் என விற்போர் உளர். அதில் எப்பக்கம் திருப்பினும் நுண்ணிய பொட்டுகளே மின்னும். நூமைட்டிலோ நீண்ட கீற்றுகள் தென்படும். கீறிப் பார்ப்பதில் பயனில்லை. நூமைட்டின் கடினம் 5.5 முதல் 6 வரை. கண்ணாடியும் ஏறத்தாழ அவ்வளவே. தெருப் புழுதியிலுள்ள குவார்ட்ஸின் கடினமோ 7. ஆகவே, அன்றாடம் அணியும் மோதிரத்தில் இக்கல் விரைவில் கீறல் காணும்.

இக்கல்லின் குணங்கள் நிறமும் கடினமும் எடையும் போன்றவையே. தோஷம் நீக்கும் குணம் எதுவும் எந்தச் சோதனையிலும் மெய்ப்பிக்கப்படவில்லை. அழகுக்காக வாங்க விரும்புவோர், வசதியிருப்பின், மணிக்கல் சோதனைச் சாலையின் சான்றிதழைக் கேட்டு வாங்குக. அன்பருக்கு யாம் கூறுவது இதுவே: கல் 250 கோடி ஆண்டு காத்திருந்தது, இன்னும் சில ஆண்டு காத்திருக்கும், கல்லூரிக் கட்டணத்தின் கெடு காத்திராது. முதலில் அதனைச் செலுத்துக.