அணைக்குக் கீழே இருப்பவர்களை எண்ணுங்கள்

1986 ஏப்ரல் 20, அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையான குளம் அது. கட்டின்மீது கனரக வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

பின்னாளில் உலக வங்கிக் கடனுதவியில் பெரிய அணைகள் பல பழுதுபார்க்கப்பட்டன. அதை வரவேற்கிறோம். ஆனால் தோட்டத் தேவைக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் ஓடைகளை மறித்துக் கட்டிய சிறிய, பழைய கட்டுகளை யார் பார்ப்பது?

அணையைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. கட்டு உறுதியாக இருக்கிறதா என்பது ஒன்று. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பது மற்றது. ஆபத்து வகைப்படுத்தல் என்பது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில். ஆளில்லாக் காட்டுக்கு மேலிருக்கும் இடிந்த கட்டு குறைந்த ஆபத்து வகையில் சேரும். நூறு குடும்பங்களுக்கு மேலிருக்கும் நல்ல கட்டும் உயர்ந்த ஆபத்து வகைதான். கீழே புதிதாக வீடு கட்டினால் வகையும் மாற வேண்டும். ஆகவே, கீழே உள்ள லயன் கணக்கில் வராவிட்டால் அணையின் வகையே பிழையாகிவிடும்.

கென்யாவின் சொலாய் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 2018 மே 9 இரவு, கடும் மழையில், தனியார் பெருந்தோட்டம் ஒன்றின் நீர்ப்பாசன அணை உடைந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அணை சிறியது என்பதால் சாவு சிறிதாகிவிடவில்லை.

2007 ஜனவரி மண்சரிவைக் கண்ட வலப்பனை மக்களுக்கு மழையின் பலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே தோட்டக் கமிட்டிகளிடம் நாம் கேட்பது இவை:

• மேலே நீர் மறித்துள்ள இடங்களைப் பட்டியலிடுங்கள். கீழே உள்ள லயன்கள், பிள்ளைக் காம்பரா, பாடசாலை ஆகியவற்றில் இருப்போரைப் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள்.

• கட்டில் வெடிப்பு, பெரிய மரம், அடைபட்ட வான் இருந்தால் எழுதிவையுங்கள். அடிவாரத்தில் ஊறும் நீர் கலங்கலாக வந்தால் உடனே அறிவியுங்கள். கட்டின் மண் உள்ளிருந்து கரைகிறது என்பதே அதன் பொருள்.

• பட்டியலைத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

• 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ, வீட்டுக்காணி காட்டப்படும்போது மண்சரிவு அறிக்கையோடு நின்றுவிடாமல், மேலே நீர்க்கட்டு உண்டா என்றும் கேளுங்கள்.

நிர்வாகத்திடமும் அரசிடமும் நமது கோரிக்கை: பருவமழைக்கு முன் பொறியியலாளர் ஒருவர் ஒவ்வொரு கட்டையும் பார்வையிட வேண்டும், அறிக்கை தமிழிலும் தரப்பட வேண்டும், இரவில் எச்சரிக்கை கொடுப்பவர் யார், எந்த வழியாக மேடேறுவது என்பதை ஒவ்வொரு லயனும் அறிந்திருக்க வேண்டும்.

கொழுந்தை கிலோக் கணக்கில் நிறுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அணைக்குக் கீழே உறங்கும் உயிர்களை எண்ணுவது கடினமான வேலையல்ல. அவர்கள் எண்ணும்வரை காத்திராமல், இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே நாம் தொடங்குவோம்.