வதந்திக்கு வாகனமாகலாமா?

பிழைக்க வந்த இடத்தில் வதந்தி என்பது வெறும் வாய்ப்பேச்சல்ல. கூரையில் வைக்கும் கொள்ளி!

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்றொரு புரட்டு கைப்பேசிகளில் பறந்தது. ஆதாரமென்று காட்டிய காட்சிகளில் சில வேறு மாநிலங்களில், வேறு காரணங்களால் நடந்தவை. திருப்பூரிலும் கோவையிலும் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அஞ்சினார்கள். ஊரிலிருந்த குடும்பங்கள் பதறின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்ப வேண்டி வந்தது. புரட்டு அம்பலமாயிற்று.

அன்று, தமிழன் மீது வீண்பழி என்று கொதித்தோம். கொதித்தது நியாயமே. ஆனால் நம் கை சுத்தமா? 2018இல் வடநாட்டுப் பிள்ளைபிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தியைத் தமிழகத்தில் பரப்பியவர்கள் யார்? அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயில் வழிபாட்டுக்காக வந்த மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டாரே! அவர் வடநாட்டவரல்ல; சென்னையிலிருந்து வந்தவர். அதே பிள்ளைபிடி வதந்தி ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து உயிர்களைக் குடித்தது. அவர்கள் ஊர் ஊராய் இரந்து பிழைத்த நாடோடி ஏழைகள்.

வதந்தி முதலில் தேடுவது வெளியூர்க்காரனை. இந்த மண்ணில் அந்த வெளியூர்க்காரன் யார்? நாம்தான்!

மெய் எது, பொய் எது என்று அரசே தீர்மானிக்கட்டும் என்பார்கள் சிலர். ஒன்றிய அரசு 2023இல் தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தானே நீதிபதியாக விதி செய்துகொண்டது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. வழக்காளியே தீர்ப்பெழுதலாமா? கம்பெனிக்காரர்களை நம்பலாமா? ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் செய்தியைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று வாட்ஸ்அப் 2018இல் நம் நாட்டில் கட்டுப்பாடு வைத்தது. ஐந்து இடங்களுக்கு மட்டும் அனுப்பினால் பொய் மெய்யாகிவிடுமா?

தோழர்களே! காவல் நம் விரல்நுனியில் இருக்கிறது. எங்கே நடந்தது? எப்போது நடந்தது? கண்டவர் யார்? இம்மூன்றுக்கும் விடையில்லாத செய்தி நம் கையோடு நிற்கட்டும். தவறி அனுப்பியவர், பொய்யென்று தெரிந்த உடனே, அதே குழுவில் மறுத்து எழுதட்டும். சத்தமின்றி அழித்துவிட்டு ஒதுங்குவது கோழைத்தனம்.

நாளை நம்மைப் பற்றி ஒரு பொய் கிளம்பினால், "பொறு, விசாரிப்போம்" என்று சொல்ல அண்டை வீட்டாரை எதிர்பார்ப்போம். இன்று அடுத்தவனுக்காக அதை நாம் சொல்கிறோமா?