உறைபனி இரவும் வண்டிவீட்டுத் தண்ணீரும்



செங்கோட்டைக்காரர்களாகிய நமக்குக் குளிர் என்றால் குற்றாலச் சாரல்தான். ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கி வரும் ஈரக்காற்று உடலைச் சிலிர்க்கச் செய்யுமேயன்றித் தண்ணீரைக் கல்லாக்குவதில்லை. ஆகவே, நீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்பதை நம்மில் பலர் கேட்டதுண்டு; கண்டதில்லை.

இப்பொழுது காலம் மாறி வருகிறது. அண்டையிலுள்ள கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாத் திட்டம் தொடங்கப்பட்டது. படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டிவீடுகளிலும், காரின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர்களிலும் குடும்பத்தோடு மலையில் தங்கும் ஆவல் நம்மவரிடமும் வளர்கிறது. சனவரி மாதத்தில் உதகையிலும், மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் இரவு வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு.

எங்கள் தெருவிலிருந்து அவ்வாறு மூணாறு சென்ற குடும்பத்தினர், சுப்ஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யக் குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. உடன் வந்த ஓட்டுநர், “ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் கொஞ்சம் தொட்டியில் ஊற்றினால் இன்றிரவு உறையாது” என்றார். வீட்டின் மூத்தவரான பெத்தும்மா மட்டும், “பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரிலா ஊற்றப் போகிறீர்கள்?” என்று தடுத்துவிட்டார். அந்த ஒரு கேள்வி அன்று ஒரு குடும்பத்தையே காத்தது.

ரேடியேட்டர் கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். சற்றே இனிக்கும் நஞ்சு அது. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்கும். குளிர்நாடுகளில் வண்டிவீட்டுக் குழாய்களுக்கென விற்கப்படுவது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த வேறொரு திரவம். அதையும் வண்டியை நிறுத்தி வைக்கும் காலத்தில் மட்டுமே குழாய்களில் நிரப்புவர்; மீண்டும் பயன்படுத்துமுன் நன்கு கழுவி வெளியேற்றுவர். நிறத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முயலாதீர்கள்.

நமக்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. குழாயைப் பிளப்பது அந்தப் பெருக்கமே. வெறுமையான குழாயில் பெருகுவதற்கு ஏதுமில்லை. நம் மலைகளின் உறைபனி சில மணி நேரமே நீடிப்பதால், நிறைந்த தொட்டி எளிதில் உறையாது; மெல்லிய குழாய்களும், வெளியே தொங்கும் ஹோஸும், பம்பும்தான் முதலில் பாதிக்கப்படும்.

எனவே, உறங்கச் செல்லுமுன் பம்பை நிறுத்தித் தொட்டியின் வால்வை மூடுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து, அடியிலுள்ள வடிகால் திருகையும் கழற்றி நீரை வடித்துவிடுங்கள். வெந்நீர்க் கலம் இருந்தால் அதன் சூட்டை முன்னரே நிறுத்தி, ஆறிய பின்னரே வடியுங்கள். வெளி ஹோஸைக் கழற்றி உதறி உள்ளே வையுங்கள். குடிக்கவும் ஒளுவுக்கும் 20 லிட்டர் கேன் ஒன்றை வண்டிக்குள் போர்வை சுற்றி வைத்தால் விடியலில் கவலையில்லை.

மறந்து உறைந்துவிட்டதா? பம்பை இயக்காதீர்கள். குழாயைத் திறந்து வைத்து, வெந்நீரில் நனைத்த துணியை வாய்ப்பகுதியிலிருந்து தொடங்கிச் சுற்றுங்கள். தீ காட்டுவது கூடாது. பனி உருகியபின் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பாருங்கள். விரிசல் அப்பொழுதுதான் வெளிப்படும். குழாய் உறையாதிருக்கவென்று மூடிய வண்டிக்குள் கரியடுப்பு வைப்பது எல்லாவற்றிலும் கொடியது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர்.

தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்து தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. உடைந்த குழாயையும் ஊர் திரும்பி மாற்றிக்கொள்ளலாம். நஞ்சு கலந்த தண்ணீரைக் குடித்த பிள்ளைக்கு மட்டும் மாற்று ஏது? குடும்பத்தார் அருந்தும் நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் எதையேனும் ஊற்றுமுன் அந்தப் பெத்தும்மாவின் கேள்வியை நாமும் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக! வஸ்ஸலாம்.